கையடக்க அடுப்பும் ஐம்பூதங்களும்: தேவதானம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் வருவது தேவதானம். மேற்கே மலை, மலையடியில் தோப்புகள், நடுவே நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று. ஐந்தையும் ஒரே நாளில் வேன் வைத்துக் கும்பிட்டு வருபவர்கள் உண்டு. இத்தலங்களின் தொன்மையைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆனால் அந்த வேனின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் அடுப்புக்கும் இந்த ஐம்பூதங்களுக்கும் உள்ள உறவை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது.

ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வது மரபு. ‘கையடக்க அடுப்பு’ என்பது இங்கே வீட்டை விட்டு வெளியே தூக்கிச் செல்லப்படும் அடுப்பு எனக் கொள்க. இவ்வட்டாரத்தில் அதில் மூன்று சாதி காணக் கிடைக்கிறது. முதலாவது, சீமெண்ணெய் ஊற்றிப் பம்பு அடிக்கும் பித்தளை ஸ்டவ். ரேஷனில் சீமெண்ணெய் அருகிப்போனதால் இது இப்போது பரணில் ஓய்வெடுக்கிறது. இரண்டாவது, குட்டி சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகி வைப்பது. மூன்றாவது, ஸ்பிரே டப்பா போன்ற கேஸ் கேனை ஒரு பக்கம் படுக்கவைத்து எரிக்கும் பெட்டி அடுப்பு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இந்தச் சாலையோரம் நிற்கும்போது பின்னிரண்டின் செயல்பாட்டையும் கட்டணமின்றி ஆராயலாம்.

இவற்றுள் பம்பு ஸ்டவ்வின் குலம் பெரிது. 1892ல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் அதன் மூதாதை. அமுண்ட்சென் 1911ல் தென்துருவத்தை எட்டியபோதும், டென்சிங்கும் ஹிலாரியும் 1953ல் எவரெஸ்டில் ஏறியபோதும் பனியை உருக்கிக் கொடுத்தது இதுதான். சூட்சுமம் எளிது. கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி எரித்து முதலில் தலையைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்பு அடித்தால் மேலேறும் சீமெண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி, ஊசித்துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். தலை சூடாகும் முன்பே பம்பு அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீச்சும். மஞ்சள் தீ ஆளுயரம் எழும்பும். அமுண்ட்சென் காத்திருந்தார். நம் சித்தப்பாக்கள் காத்திருப்பதில்லை.

இனி பூதவாரியாக. முதலில் நெருப்பு.

நெருப்புக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டே ஊரில் தொழில் தொடங்கியது. 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருள், அடுப்பு பற்றவைக்கும் அந்த நேரத்தில் மட்டும் யாருடைய பையிலும் இருப்பதில்லை என்பது கள ஆய்வின் முதல் முடிவு.

தோப்பில் நடப்பதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். சித்தப்பா சிலிண்டர் அடுப்பின் குமிழைத் திறந்துவிட்டார். “தீப்பெட்டி எங்க மாப்ள?” “மதினிகிட்ட இருக்கும்.” “எங்கிட்டயா? நான் உங்க தம்பிகிட்டல்ல குடுத்தேன்!” தம்பி குளிக்கப் போயிருக்கிறார். இந்த உரையாடல் முடியும்வரை கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. சமையல் வாயு காற்றை விடக் கனமானது; மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து, பள்ளத்தில் தேங்கும். அதற்கென்று சொந்த மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலந்து விற்கிறார்கள். அந்த நாற்றத்தை மூக்கால் வாங்கிக்கொண்டே குனிந்து குச்சியைக் கிழித்ததன் விளைவாகப் புருவம் இழந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. “குச்சி முதல், குமிழ் பிறகு” என்னும் கோட்பாட்டை அவர்கள் இப்போது தீவிரமாகப் பரப்பிவருகிறார்கள்.

தீயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1897 ஜூலையில் சுவீடன்காரர் ஆந்த்ரே, ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் இரண்டு தோழர்களோடு வடதுருவத்துக்குக் கிளம்பினார். தலைக்கு மேல் முழுக்க எரிவாயு. ஆனால் காப்பி வேண்டும். ஆகவே அடுப்பைக் கூடைக்கு 8 மீட்டர் கீழே கயிற்றில் தொங்கவிட்டு, தூரத்திலிருந்தே பற்றவைத்து, எரிகிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். தேவதானம் தோப்பில் பைக்கின் பெட்ரோல் டேங்குக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் ஒரு முழம். வண்டியை மறைப்பாக வைத்தால் காற்று அடிக்காதாம்.

அது நம்மைக் காற்றுக்குக் கொண்டுபோகிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் காற்று கிழக்கே இறங்கி இந்தச் சீமையையே ஒரு உலுக்கு உலுக்கும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் அடுப்புத் தீ எம்மாத்திரம்? சுடர் ஒரு பக்கம் சாய, சூடெல்லாம் சிவகிரிக்குப் போய்விட, சட்டியில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. இதற்கு மாற்றாக மக்கள் கண்டுபிடித்தவை: அட்டைப்பெட்டி (எரியும்), பிளாஸ்டிக் நாற்காலி (உருகும்), வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமா (கோபப்படுவார்).

தகரத் தடுப்பு இவற்றைவிட மேல். ஆனால் பர்னருக்கு நேர் கீழே சிலிண்டர் உள்ள அடுப்பைச் சுற்றி நாலாபுறமும் தகரம் அடைத்தால் சூடு வெளியேற வழியின்றிச் சிலிண்டரையே தாக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். காற்று வரும் திசையில் மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கம் திறந்துவிடுவதுதான் முறை. பெட்டி அடுப்பிலும் இதே வம்பு வேறு வேடத்தில் வருகிறது. ரப்பர் குழாய் இல்லாத இந்த அடுப்பை ஜப்பானின் இவாதானி நிறுவனம் 1969ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது அந்த ஊர்ச் சின்னச் சட்டியை மனத்தில் வைத்துச் செய்தது. நம்மவர்கள் அதன்மேல் ஏற்றுவது வீட்டிலிருந்து கொண்டுவந்த அகலத் தோசைக்கல்லை. கல் அடுப்பைத் தாண்டி, பக்கத்தில் படுத்திருக்கும் கேனுக்கும் குடை பிடிக்கிறது. கல்லின் அனல் நேராகக் கேன்மேல் இறங்குகிறது. அழுத்தம் அளவு மீறினால் கேனைத் தானாகக் கழற்றிவிடும் பொறி நல்ல அடுப்புகளில் உண்டு. கழன்று அடுப்பு அணைந்ததும் “மக்கர் பண்ணுது” என்று சொல்லி மறுபடி அழுத்தி மாட்டுகிறவரை எந்தப் பொறியாலும் காப்பாற்ற முடியாது.

நிலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சமமாக இருக்க வேண்டும், சருகு இருக்கக் கூடாது. தோப்பில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்த பாட்டிமார் முதலில் விளக்குமாற்றால் இடத்தைக் கூட்டினார்கள். அடுப்பு நவீனமானதும் விளக்குமாறு வீட்டிலேயே தங்கிவிட்டது.

நீரின் பங்கு அடுப்பு கவிழ்ந்த பிறகுதான் தொடங்குகிறது. சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஐஸ் கட்டி கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோப்பில் பம்புசெட் பத்தடியில் கொட்டிக்கொண்டிருக்க, சுட்டவர் கையில் பூசப்படுவன: பற்பசை, பேனா மை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், தோசைக்கென்று கொண்டுவந்த மாவு. இவை அத்தனையும் சூட்டை உள்ளேயே வைத்துப் பூட்டுபவை. டாக்டர் பிறகு சுரண்டி எடுக்க வேண்டியவை. மாவு வீணானது தனி.

உடுப்பைப் பற்றியும் இங்கே ஒரு குறிப்பு அவசியம். சோழன் அனுப்பிய நஞ்சு தோய்த்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் தேவதானத்து இறைவன் என்பது தலவரலாறு. இந்நாளில் அந்த ஆடையைச் சோழன் அனுப்பத் தேவையில்லை. நாமே கடையில் தள்ளுபடியில் வாங்கிக்கொள்கிறோம். பாலியெஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்பைக் கவனிப்பவருக்குப் பருத்தி வேட்டியும் கைத்தறிச் சேலையும் உத்தமம், முந்தானை இடுப்பில் இருக்கும் பட்சத்தில்.

எஞ்சியது ஆகாயம். இந்த ஐந்தில் அடுப்புக்கு உண்மையிலேயே இன்றியமையாதது இதுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. திறந்தவெளியில் மற்ற நான்கும் இழுக்கும் தொல்லை பொறுக்க முடியாமல் மனிதன் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ தூக்கிப் போகிறான். காற்றுப் போக்கில்லாத இடத்தில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மெர்காப்டன் கலக்கவும் ஆளில்லை. 1934ல் அண்டார்டிகாவில் தன்னந்தனியே குளிர்காலம் கழித்த அட்மிரல் பேர்ட், அடுப்புப் புகையால் மெல்ல மெல்ல நஞ்சேறிச் சாகக் கிடந்தார். ஆந்த்ரேயின் குழு பலூன் விழுந்த பிறகு பனித்தீவில் எப்படி மாண்டது என்ற விவாதத்தில், கூடாரத்துக்குள் எரிந்த பிரைமஸ் அடுப்பும் சந்தேகத்துக்கு உள்ளானது. எட்டு மீட்டர் தள்ளி வைத்தவர்கள்! 2024ல் கொடைக்கானலில் பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை.

ஆய்வின் கேலிக்குள் அடங்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து ராமேஸ்வரம் உள்ளிட்ட தலங்களுக்கு வந்திருந்த பக்தர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே. வெளியூரில் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்ற ஆசை எல்லா யாத்திரிகர்களுக்கும் உள்ளது, அதில் தப்பொன்றும் இல்லை. அடுப்பு இருந்த இடம்தான் தப்பு.

சாஸ்திரங்கள் சொல்லாத ஆறாம் பூதம் ஒன்றும் கள ஆய்வில் தட்டுப்பட்டது: யோசனை சொல்பவர். அடுப்பில் தீ குறையக் குறைய இவர் எண்ணிக்கை கூடுகிறது. “பின் போட்டுக் குத்துங்க”, “சிலிண்டரைக் குலுக்குங்க அண்ணாச்சி”, “இதுக்குத்தான் விறகு கொண்டு வரச் சொன்னேன்”. இவர் அடுப்பைத் தொடுவதில்லை. ஆகவே இவருக்குத் தீக்காயம் பட்டதாகப் பதிவு இல்லை.

ஆய்வின் எல்லைகள்: சாஸ்தா கோவில் காட்டிலும் செண்பகத்தோப்பிலும் சோதனை எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கியதிலிருந்து வனத்துறை இதில் சமரசம் செய்துகொள்வதில்லை. அணிலைக் கேட்டாலும் அதையே சொல்லும்.

ஒப்பீட்டுக்காகத் தோப்பின் வேறொரு மூலையில் அடுப்பே கொண்டுவராத குழு ஒன்றும் கவனிக்கப்பட்டது. இரண்டு பாட்டிகள், ஒரு தூக்குவாளி புளியோதரை, வாழையிலையில் கட்டிய துவையல், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ. எதிர்த்தரப்பில் தீப்பெட்டி கிடைப்பதற்குள் இவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டு முடித்துவிட்டார்கள். மூன்று மணிவாக்கில் அவர்களில் மூத்தவர் சித்தப்பாவிடம், “தம்பி, அந்த அடுப்புல ரெண்டு டீ போட முடியுமா?” என்று கேட்டனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. சித்தப்பா வாஷர் வாங்கச் சேத்தூர் போயிருக்கிறார்.