ஜிலேபி கெண்டை: ஒரு பெயராய்வு

மதுரைக்கு மீன் புதிதல்ல. பாண்டியர் கொடியில் மீன், அம்மன் பெயரிலேயே மீன். அப்படியிருந்தும், ஒத்தக்கடைப் பக்கத்துக் கண்மாய்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி கெண்டையின் பெயர்க்காரணத்தை அறிஞருலகம் சீண்டவேயில்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது.

முதலில் காலம். கயல்விழி உண்டு, கெண்டைவிழி உண்டு. ஜிலேபிவிழி என்று எந்தப் புலவரும் பாடவில்லை. ஆகவே மீன் பிற்காலத்தது. இந்த அகச்சான்றுக்கு வரலாறும் ஒத்துழைக்கிறது: மொசாம்பிக் பக்கத்து மீனான இது, 1952-ல்தான் மண்டபத்துக்கு வந்தது.

பெயரில் இரு கட்சிகள். தாய்மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அது ஜிலேபியை வாயில் அடக்கியிருப்பது போலிருப்பதால் இப்பெயர் என்பது இனிப்புக் கட்சி. விழுங்காமல் ஜிலேபியை நாட்கணக்கில் அடக்கி வைத்திருந்தவர் எவர்? தவிர, ஜாங்கிரியையே ஜிலேபி என்று கேட்டு வாங்கும் ஊரில் இக்கட்சியின் சாட்சியம் செல்லாது.

ஒலிக்கட்சி 'திலாப்பியா'வைக் காட்டுகிறது. 1840-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற விலங்கியலாளர் தென்னாப்பிரிக்காவின் ட்சுவானா மொழிச் சொல் ஒன்றிலிருந்து அமைத்த பெயர் அது. 'தி' எப்படி 'ஜி' ஆயிற்று? அடித்து 'அடிச்சு' ஆனதுபோல என்றால் இலக்கணக்காரர் சண்டைக்கு வருவார். அது சொல்லின் நடுவே நடக்கும் கூத்து. நான் நினைப்பது இதுதான்: வாயில் நுழையாத பெயரோடு எது வந்தாலும், ஏற்கெனவே நுழைந்த ஒன்றை நம் சனங்கள் அதற்குச் சூட்டிவிடுவார்கள். அரபியில் 'ஸலாபியா'வாக இருந்த பண்டமும் அப்படி வாய்க்கு வாய் மாறி ஜிலேபியானதுதான்.

விளைவு விபரீதம். அந்த ட்சுவானாச் சொல்லுக்குப் பொருளே மீன். ஆக, ஜிலேபி மீன் என்றால் மீன்மீன். கெண்டை இனத்திலும் இது சேராது. ஜாவாக்காரர்கள் இந்தக் குழப்பமே வேண்டாமென்று, அங்கே இதைக் கண்டெடுத்து வளர்த்த முஜாயிரின் பெயரையே மீனுக்கு வைத்துவிட்டார்கள். விலங்கியலாளர்களோ இப்போது இதை 'ஒரியோக்ரோமிஸ்' பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். 'ஒரியோ' கிரேக்கத்தில் மலையைக் குறிக்கும். ஒத்தக்கடையின் யானைமலை அடிவாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது என்பது என் துணை முடிபு.

எஞ்சியது கள ஆய்வு. மீன் விற்கும் அக்காவிடம், "இதுக்கு ஏங்க்கா ஜிலேபின்னு பேரு?" என்றேன்.

"பின்ன லட்டுன்னா கூப்பிடுவாக? அரைக்கிலோவா, ஒரு கிலோவா தம்பி?"