ரெண்டு தண்ணி

கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணி என்பது ஒன்றல்ல, ரெண்டு. சிறுவாணி மலையிலிருந்து வருவது நல்ல தண்ணி. ஆழ்குழாயில் இறைத்துத் தெருமுனைத் தொட்டியிலும் தனிக் குழாயிலும் விடுவது உப்புத் தண்ணி. எது எதற்கு என்று பள்ளிக்கூடம் போகும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

எண்பதுகளில் மில்லுக்குப் பக்கத்து லைன் வீடுகளில் நாங்கள் குடியிருந்தோம். சமையலறை மூலையில் மூடி வைத்த பித்தளைக் குடங்களில் நல்ல தண்ணி இருக்கும். குடிக்க, உலை வைக்க, டீ போட, பருப்பு வேக வைக்க அதுதான். குளியல், துணி, பாத்திரம், வாசல் தெளிப்பு எல்லாம் உப்புத் தண்ணியில். அவசரத்தில் யாராவது மாற்றி மொண்டால் அம்மா தடுத்துவிடுவார். “பருப்புக்கு அந்தத் தண்ணிய ஊத்தாத கண்ணு, எத்தன வெறகு வெச்சாலும் வேகாது.” அவர் சொன்னது முழு உண்மை. உப்புத் தண்ணி என்று நாங்கள் சொன்ன கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம், பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக வைத்துவிடுகிறது. அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அதன் விளைவு அத்தனையும் தெரியும்.

உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, திரியும். அந்தத் திரிதான் வாளி விளிம்பில் சாம்பல் வளையமாகவும் வெள்ளைச் சட்டையில் பழுப்பாகவும் ஒட்டிக்கொள்ளும். அதனால் துணி துவைக்கும் நாளில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்து, தண்ணியைச் சிறிது நேரம் அப்படியே விடுவார்கள். கால்சியம் கார்பனேட்டாகி அடியில் தங்கிய பிறகுதான் துணி நனையும். தலைக்குச் சீயக்காய். அதில் நுரை தரும் பொருள் சோப்பைப் போலத் திரிவதில்லை. தண்ணி அடுப்பில் காயும் செம்பு அண்டாவுக்குள் வெள்ளைக் காரை படியும். பொங்கலுக்கு முன் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலத்தில் அது கரைந்து வந்துவிடும். எல்லாமே வீட்டில் கிடைத்தவை. கழிவென்று வெளியே போனதும் மிகக் கொஞ்சம்.

இந்தக் கடினம் எங்கள் மண்ணின் இயல்பு. மழை குறைந்த பூமி, தோண்டினால் சுக்காங்கல். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். மண்ணிலிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர், வழியிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கனிமம் ஏறும். அன்று கிணற்றிலேயே தண்ணி இருந்தது. இன்று இந்த ஊரில் ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறோம். கிடைப்பது நெடுங்காலம் பாறையில் ஊறிக் கிடந்த தண்ணி.

இப்போது நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. சிறுவாணித் தண்ணி வந்தாலும் பில்லூர் அணைத் தண்ணி வந்தாலும், போர் தண்ணியும் லாரித் தண்ணியும் இறங்கும் அதே சம்ப்பில்தான் விழுகிறது. எல்லாம் கலந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி ஒரே குழாயில் இறங்குகிறது. எங்களோடு இருக்க வந்த அம்மா முதலில் கேட்டது, “இது எந்தத் தண்ணி கண்ணு?” என்றுதான். அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டடத்தில் யாரிடமும் பதில் இல்லை.

கலந்த தண்ணி தன் வேலையைக் காட்டுகிறது. கீசர் காயிலில் காரை படிந்து, அதே சூட்டுக்குக் கூடுதல் மின்சாரம் இழுத்து, கடைசியில் காயில் எரிந்துபோகிறது. ஷவர் துளைகள் அடைகின்றன. வாஷிங் மெஷின் பழுதாகிறது. குடிக்க ஆர்.ஓ. வாங்குகிறோம். வீட்டில் வைக்கும் சாதாரண ஆர்.ஓ., ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர அதைவிட அதிகமான தண்ணியை வெளியே தள்ளுகிறது. குளிக்கவும் துவைக்கவும் கட்டடத்துக்கே ஒரு சாஃப்ட்னர். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகளுக்கு மறுபடி உயிர் கொடுக்க மூட்டை மூட்டையாக உப்பு கரைத்து ஊற்ற வேண்டும். அந்த உப்புநீர் சாக்கடைக்குப் போகிறது. வழக்கமான கழிவுநீர் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு நீங்காது. அது போய்ச் சேருமிடம் நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயக் கழிவால் அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாழானதைப் பார்த்தவர்கள் நாம். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அது நியாயம் என்றோம். அளவு சிறியதானாலும், வீடுகளிலிருந்து அதே ஆற்றில் நாம் விடுவதும் உப்புதான்.

கடின நீர் நஞ்சு அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு உடல்நல வரம்பு எதையும் வைக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. வேறு ஆதாரம் இல்லாத ஊர் இதுவல்ல. காட்டு மழையாகப் பெய்து, கேரள எல்லைக்குள் இருக்கும் அணையில் தேங்கி, மலையைக் குடைந்து நமக்கு வரும் மென்மையான தண்ணியை நாமே சம்ப்பில் கடினமாக்கி, பிறகு காசும் மின்சாரமும் கொடுத்து மென்மையாக்குகிறோம். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. சிறுவாணி அந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது.

பழைய நாள் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல தண்ணி வரும் ராத்திரிகளில் தூக்கம் கெட்டு, வரிசையில் நின்று, இடுப்பில் குடம் சுமந்தவர்கள் பெண்கள்தாம். அம்மாவின் முதுகுவலிக்கு அந்தக் குடங்களும் காரணம். வீட்டுக்குள் குழாய் வந்தது பெரிய விடுதலை. அந்த விடுதலையோடு, தண்ணியைப் பிரித்து வைத்த அறிவையும் நாம் கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சம்ப்பில் ஒரு தடுப்புச் சுவர், மாடியில் சிறியதாக இன்னொரு தொட்டி, ஒவ்வொரு சமையலறைக்கும் தனியாக ஒரு நல்ல தண்ணிக் குழாய். 2003-இல் கட்டாயமாகி, கட்டியதோடு மறந்துபோன மழைநீர்க் குழியைத் தூர்வாருவது. கீசரின் சூட்டைக் குறைத்து வைப்பது. சூடு ஏற ஏறக் காரையும் அதிகம் படியும். ஆர்.ஓ. தள்ளும் தண்ணியை வாளியில் பிடித்துத் தரை துடைப்பது. இவற்றில் கடைசி இரண்டையும் இன்றைக்கே எந்த வீட்டிலும் செய்யலாம். மற்றவற்றுக்குச் சங்கக் கூட்டத்தில் கை தூக்க வேண்டும். புதிதாக வீடு வாங்கப் போகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்பதற்கு முன், ‘நல்ல தண்ணிக்குத் தனித் தொட்டி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால், கட்டுகிறவர்கள் வைத்துத்தான் ஆக வேண்டும்.