துப்பாக்கி வார் விசாரம்

ஒரே தோளை இரண்டு வார்கள் தமக்கே உரியதென்று கோரும்போது எழுகிற வியாஜ்ஜியத்தைத் தர்ம சாஸ்திரங்களோ நியாய ஸ்தலங்களோ விசாரித்துத் தீர்ப்புக் கூறியதில்லை. அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், கொலராடோ, மொன்டானா முதலிய மாநிலங்களில், இலையுதிர் காலம் பிறந்ததும் எல்க் மானை நாடிக் கூடாரத்தையும் ஐந்தாறு நாள் ஆகாரத்தையும் முதுகுப் பையில் அடைத்துச் சுமந்து மலையேறும் வேட்டைக்காரன், பையின் பட்டைகள் இரு தோள்களையும் முன்னதாகவே ஆக்கிரமித்துவிட்டபடியால், தன் ரைஃபிளைத் தொங்கவிடும் வார் எங்கே அமர்வது, அமர்ந்தபின் எத்தனை நேரம் அங்கே நிலைப்பது என்ற தீராத பிரச்சினைக்கு ஆளாகிறான்.

இத்துறையில் முன்னோர் அதிகம் எழுதாமைக்குக் காரணம் உண்டு. இந்தியக் காடுகளிலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளிகளிலும் வேட்டையாடிப் பெருநூல்கள் இயற்றிய துரைமார்களுக்குத் துப்பாக்கி சுமக்கவென்றே ஓர் ஆள் பின்னால் வந்துகொண்டிருந்தான். வார் தோளை எவ்விதம் அறுக்கும் என்பதை அறிந்தவன் அவன்தான், அவனிடம் பேனா இல்லை. ராணுவத்தார் சிந்தித்தார்கள் என்பது மெய்யே. அமெரிக்க ராணுவம் 1907-ல் ஏற்றுக்கொண்ட, ஒன்றேகால் அங்குல அகலமுள்ள தோல் வார், பித்தளைக் கொக்கிகளால் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் தக்கதாய், மேற்கையில் இறுகச் சுற்றிக்கொண்டு குறி பிசகாமல் சுடுவதற்கு உத்தமமான சாதனமாய் விளங்கிற்று. ஆயினும் அதை வகுத்தவர்களின் கவனம் குறியின்மேல் இருந்ததேயன்றித் தோளின்மேல் இருக்கவில்லை.

பிரச்சினையின் லட்சணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொலைநோக்கி பூட்டிய ரைஃபிள் ஏறத்தாழ நான்கு கிலோ இருக்கும். அதைத் தாங்கும் வார், பையின் பட்டைமேல், வழவழப்பான நைலான் துணியின்மேல், புறம் நோக்கிச் சரிந்த ஓரிடத்தில் ஆசனம் கொள்கிறது. ஓர் அடி வைத்தால் ஒரு விரற்கடை நழுவுகிறது. வேட்டைக்காரன் தோளைக் காதை நோக்கி உயர்த்துகிறான். பத்தாவது அடியில் வார் முழங்கைக்கு இறங்க, துப்பாக்கி முன்புறம் வீசி ஆடி, அதன் கட்டை பையின் இடுப்புப் பட்டைக் கொளுவியில் ‘டக்’கென்று மோதுகிறது. எல்க் மானுக்குச் செவி கூர்மை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலத்தில் கூடாரம் திரும்பும் வேட்டைக்காரர் பலர், ஏதும் அறியாதவர்போல் ஒரு தோளை மட்டும் தூக்கியபடியே காட்சியளிப்பதன் ரகசியம் இதுவே.

இதற்குப் பரிகாரம் சொல்லும் மதங்கள் மூன்று. துப்பாக்கி வேறு, பை வேறு, இரண்டும் ஒருபோதும் ஒன்றாகா என்று கொண்டு, பட்டைக்கு மேலேயே வாரை மாட்டிக்கொள்வது துவைதம். துப்பாக்கியும் முதுகும் ஒன்றே என்பது அத்வைதம். 1960 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் நடைபெறும் பயத்லான் பந்தயத்தில், மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத ரைஃபிளை இரட்டைப் பட்டையால் முதுகோடு பிணைத்துப் பனியில் சறுக்கிச் செல்லும் வீரர்கள் இதற்குச் சாட்சி. ஆனால் அவர்கள் முதுகில் ஒரு வார ஆகாரம் இல்லையாதலால் அந்தச் சாட்சியம் இங்கே செல்லாது. துப்பாக்கியைப் பையின் அங்கமாகவே பாவித்து, கட்டையை இடுப்புப் பட்டையில் தொங்கும் ஒரு சிறு பையில் ஊன்றி, குழலைத் தோள்பட்டையிலுள்ள கொக்கியில் மாட்டிவிடுவது விசிஷ்டாத்வைதம். தோளுக்கு இதைப்போல் சுகம் வேறில்லை. ஆயினும் மான் எதிர்ப்பட்ட க்ஷணத்தில் கொக்கியை அவிழ்க்கத் தடுமாறுபவனுக்குச் சுகம் என்ன பயன்?

துவைதிகளுள்ளும் ஆப்பிரிக்க முறையினர் என்றொரு கிளையுண்டு. இவர்கள் இடத்தோளில், குழல் பூமியை நோக்க, துப்பாக்கியைத் தொங்கவிடுவர். மரக்கிளையில் குழல் சிக்குவதில்லை, கைக்கும் விரைவில் வரும். சரிவில் கால் வழுக்கினால் மட்டும் குழல்வாய் சேற்றையோ பனியையோ அள்ளிக்கொள்ளும். அடைபட்ட குழலோடு சுடுவது சுடுகிறவனுக்கே ஆபத்து. ஆகையால் விவேகிகள் குழல்வாயில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவைக்கிறார்கள்.

இனி வாரின் பொருளைப் பற்றி. கடைக்காரர்கள் பெரிதும் சிபாரிசு செய்வது, நியோபிரீன் மெத்தை வைத்த அகன்ற வார். பையில்லாத தோளில், கடை விளக்கின் கீழ், அது தேவலோக சுகம் தரும். ஆனால் பையின் பட்டையிலேயே ஒரு மெத்தை இருக்கிறது. மெத்தைமேல் மெத்தை என்பது அலங்கார சாஸ்திரிகள் கண்டிக்கும் புனருக்தி தோஷம். மேலும் நியோபிரீன் இழுபட்டு மீள்வதால் அடிக்கொரு முறை துப்பாக்கி துள்ளுகிறது. எனவே அடியேனுடைய சித்தாந்தம் வருமாறு: மிருதுவன்று, பற்றுதலே வாருக்குப் பிரதான குணம். ஒன்றேகால் அங்குலத்தில், இழுபடாத நாடாவாய், உட்புறம் ரப்பர் இழைகள் ஓடிச் சொரசொரப்பாய், கையுறை அணிந்த விரல்களாலும் நீளத்தை மாற்றத்தக்கதாய் இருப்பதே சிறந்தது. அதையும் கனமேற்றிய பையை மாட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வாரைத் துப்பாக்கியோடு பூட்டும் சுழல் வளையம் கிரீச்சிடுகிறதா என்று காதருகே அசைத்துப் பார்ப்பதும் அவசியம்.

வேட்டை பலித்தபின் நிலைமை மாறுகிறது. முந்நூறு கிலோ எடையுள்ள ஆண் எல்க்கின் இறைச்சியை எலும்பு நீக்கிப் பல நடையாகச் சுமந்து இறக்குகையில், துப்பாக்கியைப் பையோடு சேர்த்துக் கட்டிவிடுவதே பலருடைய வழக்கம். ஆனால் மொன்டானாவில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. இரத்த வாசனை அவற்றை வரவழைக்கும். புதரில் ஏதோ அசைந்தால், எந்த மதத்தைச் சேர்ந்தவனும் துப்பாக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பான். இத்தனை பரீட்சித்து வாங்கிய வாரோ கீழே தொங்கிச் செடிகொடிகளில் மாட்டிக்கொண்டே வரும்.