எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில், 2014 ஏப்ரலில் சிக்கனம் கருதி டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். ஈயக் குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கும் மருந்தை மட்டும் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் சிக்கனம் எப்படிச் சிக்கனமாகும்?

அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீரில் உதிரிபாகங்கள் அரிக்கின்றன என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொள்வதாக அறிவித்தது. எஞ்சினுக்கு ஆகாததைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். எஞ்சினுக்கு வாரண்டி உண்டு, பாருங்கள்.

விதியை மீறினார்களா? சேச்சே, அபாண்டம்! சோதித்த வீடுகளில் பத்தில் ஒன்பதில் ஈயம் 15 பிபிபியை (நூறு கோடியில் 15 பங்கை) தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. 2015-இல் எடுத்த 71 மாதிரிகளில் கணக்கு உதைத்தது. உடனே சரிசெய்துவிட்டார்கள், தண்ணீரை அல்ல, பட்டியலை. இரண்டு மாதிரிகள் நீக்கம், நகரம் பாஸ். நீக்கியதில் ஒன்று 104 பிபிபி. காரணம், அந்த வீட்டில் வடிகட்டி இருக்கிறதாம்! வடிகட்டியும் 104 என்றால் வடிகட்டாதது எவ்வளவு என்று கேட்க அங்கே ஆளில்லை. போதாததற்கு, மாதிரி பிடிக்கும் முன் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்லி வீடுகளுக்கு முன்பே குறிப்பு போயிருந்தது. மாமியார் வருகிற அன்று மட்டும் வீடு பெருக்குகிற மாதிரி.

அந்த ஜூலையில் மேயர் தொலைக்காட்சியில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். (உண்மையில் தண்ணீரை மாற்றிய காலத்தில் அதிகாரம் அவரிடம் இல்லை, மாநில அரசு நியமித்த நிர்வாகிகள் கையில்தான் இருந்தது. குடிக்க மட்டும் அவர்.) நவம்பர் தேர்தலில் எந்த மாதிரியையும் நீக்காமல் எண்ணினார்கள். மேயர் ஃபெயில்.