வாசல் சறுக்கின் அடித்தளம்: தண்டையார்பேட்டையை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

சென்னை மாநகராட்சியின் 4ஆம் மண்டலமான தண்டையார்பேட்டையில் திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்த இடத்தில் சறுக்கு வந்திருக்கிறது. பழைய வீட்டுக்குள் பைக்கை இறக்கவும் புது வீட்டுக்குள் ஏற்றவும் போடப்படும் இந்தச் சிமெண்ட் சரிவைப் பற்றி அறிஞர் உலகம் காத்துவரும் மௌனத்தை இக்கட்டுரை கலைக்கிறது.

சாலை அடித்தளம் குறித்த சண்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் மூண்டது. அடியில் பெருங்கல் அடுக்க வேண்டும் என்றார் தாமஸ் டெல்ஃபோர்டு. தேவையில்லை, சிறு உடைகல்லை இறுக்கி, கீழே ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டால் மண்ணே பாரம் தாங்கும் என்றார் ஜான் மெக்காடம். நம் மேஸ்திரிகளில் டெல்ஃபோர்டு கட்சியினர் இடித்த வீட்டின் ரப்பீஸைக் கொட்டுவார்கள். மெக்காடம் கட்சியினர் ஒன்றரை ஜல்லி கேட்பார்கள். மண்மேலேயே கலவையைப் பூசி, முதல் வண்டி ஏறுமுன் கூலியோடு கிளம்பிவிடும் மூன்றாவது கட்சிக்குத்தான் ஆள்பலம் அதிகம்.

மெக்காடம் இன்னொன்றும் சொன்னார்: சாலை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருந்தால்தான் தண்ணீர் வடியும். அவரை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஊர் நம்முடையது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. தண்ணீரும் வடிந்தது, வீட்டுக்குள். "ரோடு ஏறிக்கினே கீது, நாம இன்னா பண்றது?" என்பது மேஸ்திரிகளின் மறுப்புரை. ஆகவே புதிதாகக் கட்டுவோர் இனி வரப்போகும் தாரையும் கணக்கிட்டு மூன்றடி தூக்கிக் கட்டுகிறார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தள அளவு ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம். மூன்றடிக்கு 36 அடி. விதிப்படி போட்டால் சறுக்கு எதிர்வீட்டுச் சமையலறையில் போய் முடியும்.

இங்குள்ள கடலோர மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு: களிமண்போல் உப்பிச் சுருங்காது. நாலு பக்கமும் அடைத்து வைத்தால் பாரம் தாங்கும்; ஓர் ஓரம் திறந்தால் மழையோடு புறப்பட்டுவிடும். எனவே சறுக்கின் உயிர் அடியில் இல்லை, ஓரத்தில் ஆழமாக இறக்கிய செங்கல் வரிசையில் இருக்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்த முன்னோடி பெருச்சாளி. செங்கல் இல்லாத ஓரத்தை அது ஒரே இரவில் சுட்டிக்காட்டிவிடும். பிறகு மேலே சிமெண்ட், கீழே வெறும் காற்று.

மண் காய்ந்தாலும் இறுகாது, சொதசொதத்தாலும் இறுகாது. நடுவே ஓர் ஈர அளவு உண்டு என்று 1933இல் கலிஃபோர்னியப் பொறியாளர் ப்ராக்டர் எழுதினார். "கையில புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி கசியக் கூடாது" என்கிறார் இங்கே திமுசு பிடிக்கும் அம்மா. ஆய்வுலகம் இருவரில் ஒருவரை மட்டுமே மேற்கோள் காட்டுகிறது.

2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். இதனால் புது இனமொன்று தோன்றியது: தெருவைச் சுரண்டியதும் முனை அந்தரத்தில் நிற்கும் சறுக்கு. மறுபடி தார் விழும்வரை அதற்கு ஒரு கரண்டிக் கலவையில் ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டுக்கு அடித்தளம் வேண்டியதில்லை என்பதில் மூன்று கட்சிகளும் ஒன்றுபட்டுள்ளன, கூலியிலும்தான்.