ஒரகடம் டீக்கடையில் கதிர்வீச்சு நிபுணர் ஆவது எப்படி?

ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ராத்திரி ஆர்.டி. (ரேடியோகிராஃபி சோதனை) எடுக்கிறார்கள் என்று வையுங்கள். கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, வெல்டிங்குக்குள் ஓட்டை இருக்கிறதா என்று இரிடியம்-192 வைத்துப் படம் பிடிப்பார்கள். மறுநாள் டீக்கடையில் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்க வேண்டுமா? அலகுகளை மனப்பாடம் செய்யுங்கள். புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பயமுறுத்த பெக்கெரல். வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் 1 பெக்கெரல். அவ்வளவு சின்ன அலகு. கேமராவுக்குள் இருக்கும் 10 கியூரி சோர்ஸ், பெக்கெரலில் 37,000 கோடி. கேட்டவர் வடையைக் கீழே போடுவார். நீங்கள் நிர்வாகத்தின் ஆளா? கியூரியிலேயே நில்லுங்கள்: "வெறும் பத்துதான் சார்." டீ மாஸ்டர் உடம்பிலேயே பொட்டாசியம்-40 தயவில் சுமார் 4,000 பெக்கெரல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, சோர்ஸில் இருப்பதையும் உடம்பில் விழுவதையும் ஒன்றாக்குங்கள். தொழில் ரகசியமே இதுதான். ஒரு கிலோ உடம்பில் எத்தனை ஜூல் இறங்கியது என்பது கிரே. அது செய்யும் கெடுதலையும் கணக்கில் சேர்த்தால் சீவர்ட். காமாவுக்கு இரண்டும் ஒரே எண் என்பதால் குட்டு சீக்கிரம் வெளிப்படாது. "பத்து கியூரின்னா எத்தனை சீவர்ட்ண்ணா?" என்று ஐ.டி.ஐ. பையன் ஒருவன் கேட்பான். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், நடுவில் என்ன தடுப்பு என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். விடை வந்துவிடும்: தடுப்பில்லாமல் 1 மீட்டரில் மணிக்கு ஏறத்தாழ 48 மில்லிசீவர்ட். கதிர்த்தொழிலாளிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி 20. இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது வருஷக் கணக்கு! 10 மீட்டர் தள்ளி நின்றால் நூறில் ஒரு பங்குதான்.

மில்லியா மைக்ரோவா என்பதை விழுங்கிவிடுங்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரு வாய் டீயோடு போய்விடும்.

ஸ்கிராப் எடுக்கிறவர் கேட்டால் மட்டும் விளையாட வேண்டாம். 2010-இல் டெல்லி மாயாபுரிக்குப் பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. அங்கே பெக்கெரல், கியூரி எதுவும் யார் காதிலும் விழவில்லை.

கடைசியாக, டி.எல்.டி. பேட்ஜ். சட்டையில் மாட்டினால் வாங்கிய டோஸையெல்லாம் காட்டிக்கொடுக்கும். லாக்கரில் தொங்கவிடுங்கள். ரிப்போர்ட் சுத்தமாக வரும், லாக்கருக்கு ஒன்றுமில்லை என்று.