கடல்ல இருந்து ரூம் தெரியணும்

திருப்பூர் காதர்பேட்டையில் கடல் இல்லை. ஆனால் கடற்கரையில் போடுகிற துணி முழுக்க இங்கேதான் தொங்குகிறது. தென்னை மரம் போட்ட ஷார்ட்ஸ், அலை மேல் ஒருத்தன் பலகையில் நிற்கிற டீ-ஷர்ட், நெஞ்சில் 'மியாமி' என்று எழுதிய கையில்லாத பனியன். ஐரோப்பாவில் ஒரு பையர் கோடைக்கு ஆர்டர் கொடுப்பார். எவ்வளவு ரிஜெக்ட் ஆகுமோ என்று கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். கேட்ட எண்ணிக்கை கண்டெய்னரில் ஏறி, தூத்துக்குடி போய், கப்பலில் உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் சர்ப்ளஸ் என்ற பெயரோடு ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருக்கிற எங்கள் கடைக்கு வரும். கடலைப் பார்த்த பீஸுக்கும் பார்க்காத பீஸுக்கும் ஒரே துணி, ஒரே தையல். தலையெழுத்துதான் வேறு.

என் மகன் பிறந்ததில் இருந்து இந்த இரண்டாவது வகையைத்தான் போடுகிறான். மூன்று வயதுக்குள் மியாமி, ஹவாய், கலிபோர்னியா எல்லாவற்றையும் போட்டுக் கிழித்துவிட்டான். கடலை மட்டும் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே அலை, மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு தீம் பார்க்கில் சைரன் அடித்ததும் வருகிற அலை. அதனால், "கடலுக்குப் போலாமா கண்ணு?" என்று கேட்டபோது, "எத்தனை மணிக்கு ஆன் பண்ணுவாங்க?" என்று கேட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிற அவன் அக்கா திருத்தினாள். "கடலுக்கு ஆஃப் கெடையாதுடா. கரண்ட் போனாலும் ஓடும்."

எப்போது போவது என்பதே எங்கள் தொழிலில் ஒரு பஞ்சாயத்து. ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கூட்டம் ஞாயிறு அன்று காதர்பேட்டைக்கு வரும் என்பதால் எங்களுக்கு அன்றைக்குத்தான் கல்லா நிறையும். காலாண்டு லீவு தீபாவளி வியாபாரத்தில் போய் முட்டும். அரையாண்டு லீவு பொங்கல் வியாபாரத்தில் முட்டும். அது போதாதென்று வங்கக் கடலில் புயல் சின்னமும் இருக்கும். மிச்சம் இருப்பது மே மாதம். அக்கினி நட்சத்திரம்தான். உப்புத் தண்ணியில் ஊறப் போகிறவனுக்கு வெயில் ஒரு பொருட்டா?

எந்தக் கடல் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான் வெளியே அலைய வேண்டியதில்லை. கடற்கரை முழுக்க எங்கள் கடைக்கு வந்து போகிறது. இங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கோழிக்கோடு பார்ட்டி, தூத்துக்குடி பார்ட்டி, காரைக்கால் பார்ட்டி, கீழக்கரை பார்ட்டி. அவரவர் ஊரில் ஒரு கடல் இருக்கிறது. டஜன் கணக்குப் பார்க்கும்போது நடுவில் ஒரு வார்த்தை கேட்டால் ஆயிற்று.

முதலில் வந்தவர் கோழிக்கோடு பார்ட்டி. அவர் காப்பாடு கடற்கரையைச் சொன்னார். 1498ல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்த இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, 2020ல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்த விஷயம். தண்ணீர், கழிப்பறை, குளிக்கிற இடம், காப்பாற்ற ஆள் எல்லாவற்றையும் பார்த்து வெளிநாட்டு அமைப்பு ஒன்று கொடுக்கிற சான்று. 2021ல் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கும் அது கிடைத்தது. ஓகோ-டெக்ஸ், காட்ஸ் என்று சர்ட்டிபிகேட்டிலேயே பிழைக்கிற ஊர்க்காரனுக்குக் கடலுக்கும் சர்ட்டிபிகேட் உண்டு என்று தெரிந்தால் மனசு நிறையாதா? "அப்ப நீங்களும் லீவுக்கு அங்கதான் கூட்டிட்டுப் போவீங்களா?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஞங்ஙளா? ஊட்டி."

போகிற போக்கில் அவரே இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஏப்ரல், மே வாக்கில் கள்ளக்கடல் என்று ஒன்று வருமாம். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல் கிளப்பிய அலை, பல நாள் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கும். இதை நான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "ஏனுங்க, ஹைதராபாத்துல ஆபீஸ் போட்டு எச்சரிக்கற எடத்துல இவனை எறக்கி விட்டுட்டு நான் எந்தப் பக்கம் பாக்கறது?" என்றாள் மனைவி. காப்பாடு போயிற்று.

காரைக்கால் பார்ட்டி தரங்கம்பாடியைச் சொன்னார். 1620ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. என் மகனுக்குக் கோட்டையும் கட்டிலும் ஒன்றுதான்: ஏறுவான், இறங்க மாட்டான். தள்ளுபடி.

தூத்துக்குடி அண்ணாச்சி கடல் என்றதும் சிரித்தார். "கடல்ல என்னத்த இருக்கு? உப்புதான் இருக்கு. அதைத்தான் எங்கூர்ல அள்ளி வித்துக்கிட்டு இருக்கோம்." ஆனாலும் திருச்செந்தூரைச் சிபாரிசு செய்தார். கடற்கரையிலேயே முருகன், கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணி ஊறுகிற நாழிக் கிணறு. அம்மாவுக்கு உடனே சம்மதம். குழந்தைகளும் கைதூக்கினார்கள். பக்தி காரணமில்லை, அண்ணாச்சி வரும்போதெல்லாம் மக்ரூன் கொண்டுவருவார். எங்கள் வீட்டு ஜனநாயகத்தில் ஓட்டு அப்படித்தான் விழும். அல்வா வந்த வாரம் இதே குழந்தைகள் கோழிக்கோட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

"மே மாசக் கூட்டத்துல இவன் கையை உருவிட்டு ஓடுனா எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றாள் மனைவி. என்னிடம் யோசனை இருந்தது. கண்ணைப் பறிக்கிற நியான் ஆரஞ்சில் ஒரு டீ-ஷர்ட் லாட் வந்திருந்தது. அதைப் போட்டுவிட்டால் அரைக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரியும். மனைவி எதுவும் பேசாமல் பில் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அந்த லாட் முழுவதையும் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடைகளுக்குப் போட அண்ணாச்சிதான் எடுத்துப் போயிருந்தார். அங்கே நிற்கிற பொடியன்களில் பாதிப் பேர் ஆரஞ்சாக இருப்பார்கள்.

அப்பாவின் கவலை வேறு. கடலுக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவதா? இங்கேதான் சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கேரளத்தில் இழுவைப் படகுக்குத் தடை தொடங்குவது ஜூன் 9 நள்ளிரவில்; ஜூலை 31 வரை. ஆகவே மே மாதத்தில், மேற்கே போனால் மீன் குழம்பு, கிழக்கே போனால் சாமி தரிசனம். வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசிக்கொண்டது.

சமாதானம் பண்ண நான் செல்போனில் ஓட்டல் படங்களைக் காட்டினேன். ஜன்னலைத் திறந்தால் கடல். கட்டிலில் படுத்தபடியே கடல். ஒரு படத்தில் குளியல் தொட்டியில் இருந்தும் கடல். ஒரு ராத்திரி வாடகையை மனசுக்குள் டஜனாக மாற்றிப் பார்த்தேன்; சின்னதொரு மூட்டையே வந்தது. மனைவி எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரூம்ல இருந்து கடல் தெரியறது இருக்கட்டும். கடல்ல இருந்து ரூம் தெரியுங்களா?"

அவள் கணக்கு இது. மூன்று வயதுக்காரனைத் தண்ணியில் இறக்கினால் பத்து நிமிஷத்தில் கண்ணில் மண் விழும். பதினைந்தில் தாகம். அதற்குள் ஆய் வந்தால் வந்ததுதான். அது பக்கத்தில் டாய்லெட் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வராது. அப்புறம் பசி, அப்புறம் தூக்கம், தூங்கும்போது தோளில் ஈர மணலோடு பன்னிரண்டு கிலோ. ஆகவே நல்ல தண்ணிக் குழாய் எங்கே, நிழல் எங்கே, காலை ஏழு மணிக்கு இட்லி கிடைக்குமா, பால் கிடைக்குமா, கடலுக்கும் பாத்ரூமுக்கும் எத்தனை எட்டு என்றெல்லாம் கேட்டாள். கடலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

காதர்பேட்டையில் புது வியாபாரி பிரிண்டைப் பார்ப்பான். பழம் தின்று கொட்டை போட்டவன் பீஸை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்ப்பான். எங்கள் வீட்டில் யார் எந்த ரகம் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே கீழக்கரை பாய் தொதலோடு வந்தார். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்துக் கிண்டியது. பிள்ளைகள் ஓட்டு மறுபடி மாறிற்று. பாய் மட்டும்தான் மனைவியின் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னவர். ராமேஸ்வரம் வாங்க என்றார். கோயிலுக்குக் கிழக்கே அக்கினி தீர்த்தக் கடலில் அலை அதிகம் இருக்காது. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் அப்படியே தலைகீழ். தனுஷ்கோடி சாலையில் போனால் ஒரு கையில் இந்தக் கடல், மறு கையில் அந்தக் கடல். அடங்கியதைப் பெண் கடல் என்றும் பொங்குவதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்களாம். "லீவு நாள்ல ரெண்டு புள்ளைங்களோட வூட்டுல இருக்கற பொம்பளைய அவங்க பாத்ததில்ல போல" என்றாள் மனைவி. 1964 புயலில் ஊரே அழிந்த இடம், அரிச்சல்முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், அங்கே பிள்ளைகளைத் தண்ணியில் இறக்காதீர்கள் என்பதையும் பாய் இரண்டு தடவை சொன்னார்.

கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணறு கிணறாக வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள் என்று கேட்டதும் மகன் எழுந்து நின்றுவிட்டான். கடலைப் பார்க்காவிட்டாலும் வாளி அவனுக்குப் பழக்கமானது. அம்மாவுக்கு 22ம் புண்ணியம். மகளுக்குப் பாம்பன் பாலம். 1914ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, 2025 ஏப்ரல் 6ல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே லிப்ட் போல 17 மீட்டர் மேலே போகும். "எப்ப தூக்குவாங்க?" என்றாள். "கப்பல் வந்தா தூக்குவாங்கம்மா." "கப்பல் எப்ப வரும்?" "இன்ஷா அல்லாஹ்" என்றார் பாய். அப்பாவுக்கு நாட்டுப்படகு மீன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார், தடை விசைப்படகுக்குத்தான். மனைவிக்கு, தெரிந்தவர் லாட்ஜில் இருந்து வாட்ஸ்அப்பில் பாத்ரூம் படம் வரவழைத்தார். கடல் தெரியாத ரூம். அவள் படத்தைப் பெரிதாக்கி, குழாய், வாளி, மூலை எல்லாம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை, பரமக்குடி வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். வாந்திக்குக் கவர் பஞ்சமில்லை; கடையில் எல்லா சைஸிலும் பாலிபேக் இருக்கிறது.

பாய் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "வர்றதுதான் வர்றீக, நம்ம பெர்முடாஸ் பண்டலை வண்டியிலேயே போட்டு வந்துருங்க. லாரி வாடகை மிச்சம்." அதில் என்ன இருக்கிறது என்று தலையாட்டினேன். விஷயம் பரவி, ராமநாதபுரத்துக்கு ஒரு பண்டல், பரமக்குடிக்கு இரண்டு. காற்றடிக்கிற வளையம், மணல் வாளி, குடை எல்லாம் டிக்கியில் இருந்து இறங்கின. ஒரு பண்டல் பின்சீட்டுக்கே வந்துவிட்டது.

மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பெட்ரோல் எந்தக் கணக்குல?"

"கடைக் கணக்குலதான்."

"ரூமு?"

"அதுவும்தான்."

"அப்ப நீங்க கடை வேலையாப் போறீங்க. சரக்கை எறக்குன நேரம் போக மிச்ச நேரத்துல புள்ளைங்களப் பாத்துக்கங்க. நான்தான் டூர் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.